ரேஸ் ஏறுது, வண்டி ஏறல: சின்ன ஸ்போர்ட்டி காருக்கு எந்த கிளட்ச்?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் பழைய ஸ்விஃப்ட் டீசலை வாங்கி, ரீமேப் செய்து (எஞ்சின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றிப் பலம் கூட்டி), நல்ல டயர் போட்டு ஓட்டும் பையன்கள் நிறைய. போலோ வைத்திருப்பவர்கள் இன்னொரு கூட்டம். இவர்களில் யாரைக் கேட்டாலும் என்றாவது ஒருநாள் இந்தப் புகார் வந்தே தீரும்: "ரேஸ் ஏறுது, வண்டி ஏறல." ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்துகிறது, ஆர்.பி.எம். முள் துள்ளுகிறது, வேகம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் காட்டினால் "பிளேட்டு தேஞ்சு போச்சு மக்கா, மாத்திரலாம்" என்பார்கள். நண்பர்களைக் கேட்டால் "ரேஸிங் கிளட்ச் போடு, அப்புறம் தொல்லையே இல்ல" என்பார்கள். இரண்டு யோசனையும் சரியாக இருக்கலாம், தண்டச் செலவாகவும் முடியலாம். முடிவெடுக்க ஒரே ஒரு கணக்கு தெரிந்தால் போதும்: எஞ்சின் எவ்வளவு முறுக்குகிறது, கிளட்ச் எவ்வளவு முறுக்கைத் தாங்கும்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். எஞ்சினுடைய கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் கனமான ஓர் இரும்பு வட்டு இருக்கும். அதுதான் ஃப்ளைவீல். அதன்மேல் போல்ட் போட்டு இறுக்கியிருப்பது பிரஷர் பிளேட். இரண்டும் எஞ்சினோடு சேர்ந்தே சுற்றும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தட்டு, இரு பக்கமும் லைனிங் என்னும் உராய்வுப் பட்டை வைத்து ரிவெட் அடித்தது. அது கிளட்ச் பிளேட். இது எஞ்சினோடு இணைந்ததல்ல, கியர்பாக்ஸிலிருந்து நீளும் ஷாஃப்ட்டில் செருகியிருப்பது. பிரஷர் பிளேட்டின் முதுகில் இதழ் இதழாக வெட்டிய ஒரு வட்ட ஸ்பிரிங் உண்டு. டயஃப்ரம் ஸ்பிரிங் என்பார்கள். அது பிளேட்டை ஃப்ளைவீலோடு சேர்த்து நசுக்கிப் பிடிக்கிறது. அந்த உராய்வின் வழியாகத்தான் எஞ்சினின் சுழற்சி கியர்பாக்ஸுக்குப் போய், அங்கிருந்து சக்கரத்துக்குப் போகிறது.

கிளட்ச் பெடலை மிதிக்கும்போது கேபிளோ, ஆயில் அழுத்தமோ ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும். பேரிங் அந்த இதழ்களை அமுக்கும். பிடி விடும். ஆக, காலை எடுத்திருக்கும்போதுதான் கிளட்ச் பிடித்திருக்கிறது. பிடிப்பது ஸ்பிரிங், கால் செய்வது பிரிக்கும் வேலை மட்டும். பலமான கிளட்ச் வேண்டும் என்று கேட்பவர், பலமான ஸ்பிரிங்கையும் அதை அமுக்கப் பலமான இடது காலையும் சேர்த்தே கேட்கிறார்.

தாங்கும் கணக்கு

ஒரு கிளட்ச் எவ்வளவு டார்க்கை, அதாவது முறுக்குவிசையை, தாங்கும் என்பதை நான்கு விஷயங்கள் முடிவு செய்கின்றன. லைனிங்கின் உராய்வுக் குணகம், உராயும் முகங்கள் எத்தனை, ஸ்பிரிங் எவ்வளவு விசையோடு அமுக்குகிறது, பிளேட்டின் சராசரி ஆரம் எவ்வளவு. நான்கையும் பெருக்கினால் விடை வந்துவிடும்.

உதாரணத்துக்கு, வெளி விட்டம் 200 மில்லிமீட்டர், உள் விட்டம் 130 மில்லிமீட்டர் உள்ள ஒரு பிளேட்டை எடுத்துக்கொள்வோம். சராசரி ஆரம் ஏறக்குறைய 82 மில்லிமீட்டர், அதாவது 0.082 மீட்டர். ஸ்பிரிங் 4,000 நியூட்டன் விசையோடு அமுக்குகிறது, அது சுமார் 400 கிலோ எடை மேலே உட்கார்ந்ததற்குச் சமம். உராய்வுக் குணகம் 0.3. முகங்கள் இரண்டு. பெருக்கிப் பாருங்கள்: 197 நியூட்டன் மீட்டர் வருகிறது. இதற்கு மேல் எஞ்சின் முறுக்கினால் பிளேட் வழுக்கும்.

இப்போது சில கார்களின் கணக்கை எடுப்போம். ஸ்விஃப்ட்டின் நான்கு சிலிண்டர் 1.2 பெட்ரோல் எஞ்சின் தருவது சுமார் 113 நியூட்டன் மீட்டர். பலேனோ ஆர்.எஸ். 150. போலோ 1.0 டி.எஸ்.ஐ. 175. ஐ20 என் லைன் 172. ஆல்ட்ராஸ் ரேசர் 170. அபார்த் புன்டோ 212. ஸ்விஃப்ட் 1.3 டீசலுக்கு 190. இந்தக் கடைசி எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த டீசல் எஞ்சினின் குதிரைத்திறன் 75 பி.எஸ்.தான், பெட்ரோல் ஸ்விஃப்ட்டைவிடக் குறைவு. ஆனால் கிளட்சுக்கு வந்து சேரும் முறுக்கு பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதிகம், அதுவும் 2,000 ஆர்.பி.எம்.மிலேயே. கிளட்சுக்குக் குதிரைத்திறன் ஒரு பொருட்டே இல்லை. டார்க் ஒன்றுதான் கணக்கு. "என் வண்டி இத்தனை பி.எஸ்., அதனால் இந்த கிளட்ச்" என்று யாராவது ஆரம்பித்தால், பேச்சை நைசாக டார்க் பக்கம் திருப்பிவிடுங்கள்.

கம்பெனிக்காரர்கள் எஞ்சினின் உச்ச டார்க்குக்குச் சரியாக கிளட்ச் வைப்பதில்லை. தேய்மானத்துக்கும் சூட்டுக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வைப்பார்கள். 190க்கு 30 சதவீதம் கூடுதல் என்று வைத்துக்கொண்டால் 247 வரும். இனி ரீமேப் செய்த பையனின் கதை எளிதாகப் புரியும். ரீமேப் செய்யும் டியூனர் டார்க்கை 240க்கு ஏற்றிவிட்டார். புது கிளட்ச் என்றால் இதை மூச்சுத் திணறியபடி தாங்கிவிடும். அவன் வண்டியிலோ 70,000 கிலோமீட்டர் ஓடிய கிளட்ச். அடுத்த வாரமே வழுக்க ஆரம்பிக்கிறது. "ரீமேப் பண்ணதால கிளட்ச் போச்சு" என்று அவன் டியூனரிடம் சண்டைக்குப் போகிறான். அந்த கிளட்ச் ஏற்கெனவே தன் உபரியைத் தின்று முடித்திருந்தது. ரீமேப் அதை வெளியே காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

சூடு எங்கிருந்து வருகிறது

லைனிங் தேய்வது பிளேட் வழுக்கும் நேரத்தில் மட்டும்தான். முழுதாகப் பிடித்து ஓடும்போது தேய்மானம் கிட்டத்தட்ட இல்லை. நால்வழிச் சாலையில் மணிக்கணக்காக ஓடும் வண்டியின் கிளட்ச் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டுவதும், ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டியுடையது நாற்பதாயிரத்தில் முடிவதும் இதனால்தான்.

நம் குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் கிளட்சைக் கொல்வது வேகமல்ல, வீட்டு வழி. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து நிலம் மேடும் பள்ளமுமானது. ரோட்டிலிருந்து வீட்டு முற்றத்துக்குச் செங்குத்தாக ஒரு சரிவு, காங்கிரீட் போட்டது, அதில் வண்டியை ரிவர்ஸில் ஏற்ற வேண்டும். சுவருக்கும் வண்டிக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி. எனவே ஐடில் வேகத்தையும்விட மெதுவாக, முழு நேரமும் ஹாஃப் கிளட்சில், அதாவது பெடலைப் பாதி மிதித்தபடிதான் ஏற்ற முடியும். தினமும் இரண்டு முறை.

அந்தச் சூட்டை எண்ணில் சொல்கிறேன். ஆளோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள கார், பத்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறும் சரிவில் நிற்கிறது. பிரேக்கை மிதிக்காமல், எஞ்சினை 1,500 ஆர்.பி.எம்.மில் வைத்து ஹாஃப் கிளட்சிலேயே தாக்குப்பிடிக்கிறீர்கள். அந்த நேரம் முழுக்க கிளட்சில் ஏறக்குறைய 3,000 வாட் சூடு இறங்கிக்கொண்டிருக்கிறது. மூன்று இஸ்திரிப் பெட்டிகளை ஒன்றாகப் போட்டு, ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்ன இடத்தில் வைத்த மாதிரி. ஹேண்ட்பிரேக் போட்டு நின்றால் இந்தச் சூடு பூஜ்ஜியம்.

வண்டியை எடுக்கும்போதும் இதே கதைதான். கிளட்ச் முழுதாகப் பிடிக்கும் நேரத்தில் வண்டி என்ன வேகத்தில் இருக்கிறதோ, அந்த வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப சூடு ஏறும். முதல் கியரில் எடுத்தால் அந்த வேகம் குறைவு. இரண்டாவது கியரில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆக, சோம்பல்பட்டு இரண்டாவதிலேயே எடுக்கிற ஒவ்வொரு முறையும் மூன்று, நான்கு மடங்கு சூடு. மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே நெரிசலில் ஊரும்போது இதைச் செய்யாத ஆளே இல்லை.

சூடேறினால் லைனிங்கின் உராய்வுக் குணகம் இறங்கும். மேலே பார்த்த பெருக்கலில் 0.3க்குப் பதிலாக 0.2 போட்டுப் பாருங்கள், 197 என்பது 131 ஆகிவிடும். பிடி குறைந்தால் இன்னும் வழுக்கும், வழுக்கினால் இன்னும் சூடேறும். கருகிய வாடை மூக்கில் ஏறும்போது நடந்துகொண்டிருப்பது இதுதான். அந்த நேரத்தில் வண்டியை ஓரங்கட்டி அரைமணி நேரம் ஆறவிட்டால் பல நேரம் பிளேட் பிழைத்துக்கொள்ளும். "எப்படியாவது ஏத்திரலாம்" என்று மிதித்தால் பிழைக்காது.

கியர்பாக்ஸை இறக்கும் முன்

கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அந்தக் கூலியே ஒரு நல்ல செலவு. அதனால் இறக்குவதற்கு முன்பு, கோளாறு உண்மையிலேயே பிளேட்டில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்வது நல்லது.

வழுக்குகிறதா என்று பார்க்க நல்ல இடம், ஆரல்வாய்மொழி தாண்டிக் காற்றாலைகளுக்கு நடுவே போகும் நால்வழிச் சாலை மாதிரி நீளமான, காலியான ரோடு. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு நாலாவது கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போய், ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதியுங்கள். ஒரே கியரில் ஆர்.பி.எம்.மும் வேகமும் ஒரே விகிதத்தில்தான் ஏற முடியும். 50இல் 2,000 காட்டினால் 75இல் 3,000 காட்ட வேண்டும். 60இலேயே 3,000 வந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம், வழுக்குகிறது. இது ஏன் உயர்ந்த கியரில் முதலில் தெரிகிறது என்றால், அங்கே வண்டி மெதுவாகத்தான் வேகமெடுக்கும். உச்ச டார்க் நீண்ட நேரம் கிளட்ச் மேல் நிற்கும். முதல் கியரில் அந்தக் கட்டத்தைக் கண் இமைப்பதற்குள் கடந்துவிடுவோம்.

குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே மழை நேரத்தில் இந்தச் சோதனை வேண்டாம். நனைந்த சருகின் மேல் டர்போ காரின் முன்சக்கரங்களே சுழலும், அப்போதும் ஆர்.பி.எம். தாவும். அதைப் பார்த்து கிளட்ச் என்று நினைத்துவிடக் கூடாது. அதேபோல வெறும் "பிக்கப் இல்லை" என்பதும் கிளட்ச் வழுக்கல் ஆகாது. ஆர்.பி.எம்.மும் ஏறாமல், வேகமும் ஏறாமல் வண்டி மந்தமாக இருந்தால் டர்போ குழாயில் காற்றுக் கசிவையோ, அடைத்துப்போன ஏர் ஃபில்டரையோ பாருங்கள்.

வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, நாலாவது கியரில் கிளட்சை விட்டு எஞ்சின் அணைகிறதா என்று பார்க்கும் பழைய முறையும் உண்டு. அது முற்றிலும் செத்துப்போன கிளட்சை மட்டும்தான் கண்டுபிடிக்கும். ஐடிலில் பிடித்துக்கொள்ளும் கிளட்ச், டர்போ முழு அழுத்தத்தில் வரும்போது விட்டுவிடலாம்.

வழுக்குவது உறுதியானால் அடுத்துப் பார்க்க வேண்டியது பெடல். மாருதியின் சின்னப் பெட்ரோல் கார்கள் பலவற்றில் கிளட்ச் கேபிளில்தான் இயங்குகிறது. பெடலின் மேல்பகுதியில் எதிர்ப்பே இல்லாத கொஞ்சம் தளர்வு இருக்க வேண்டும். ஃப்ரீ பிளே என்பார்கள். பிளேட் தேயத் தேய இந்தத் தளர்வு குறைந்துகொண்டே வரும். ஒருகட்டத்தில் இல்லாமலே போனால், நீங்கள் காலை எடுத்தாலும் ரிலீஸ் பேரிங் இதழ்களை லேசாக அமுக்கியபடியே இருக்கும். பிளேட்டில் இன்னும் லைனிங் இருந்தும் கிளட்ச் வழுக்கும். கேபிள் நட்டைத் திருகிச் சரிசெய்வது பத்து நிமிட வேலை. இதைப் பார்க்காமலே கியர்பாக்ஸை இறக்கச் சொல்பவரிடம் வண்டியைக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். போலோ மாதிரி ஆயில் அழுத்தத்தில் இயங்கும் கிளட்சில் இந்தத் தளர்வு தானாகவே சரியாகிக்கொள்ளும், அங்கே நட்டு எதுவும் கிடையாது.

பெடல் நாளுக்கு நாள் கடினமாவதும் தேய்மானத்தின் அடையாளம்தான். டயஃப்ரம் ஸ்பிரிங்கின் குணம் அப்படி. பிளேட் மெலிய மெலிய அது முதலில் இன்னும் கடுமையாக அமுக்கும், பிறகுதான் தளரும். "கிளட்ச் ஹார்டா இருக்கு" என்று சொல்கிறவரின் பிளேட் பெரும்பாலும் பாதி ஆயுளைத் தாண்டியிருக்கும். கேபிள் துருப்பிடித்திருந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும், அதனால் கேபிளைக் கழற்றிக் கையால் இழுத்துப் பார்த்துவிட வேண்டும்.

கியர் விழ மறுப்பது, ரிவர்ஸ் போடும்போது கறகறப்பது எல்லாம் இதற்கு நேர் எதிரான கோளாறு. இங்கே பிளேட் பிடிக்காமல் இல்லை, பிரிய மறுக்கிறது. கேபிள் நீண்டிருக்கலாம், ஹைட்ராலிக் லைனில் காற்று புகுந்திருக்கலாம், கீழ் சிலிண்டர் கசியலாம். பெடலை நாலைந்து முறை பம்ப் செய்தால் கியர் விழுகிறது என்றால் கை வைக்க வேண்டியது சிலிண்டரிலும் ஆயிலிலும்தான். இந்தக் கோளாறுக்குப் புது பிளேட் போட்டுவிட்டு, "இன்னும் அப்படியேதான் கெடக்கு" என்று தலையைச் சொறிகிறவர்கள் இருக்கிறார்கள்.

சத்தத்தைப் பிரித்தறிவது சுலபம். பெடலை மிதித்தால் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் காலை எடுத்திருக்கும்போது சத்தம் வந்து, மிதித்ததும் நின்றுபோனால் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங். எடுக்கும்போது வண்டி உதறினால் பிளேட்டில் எண்ணெய், சூடு பட்ட ஃப்ளைவீல், தேய்ந்த எஞ்சின் மவுன்ட் என்று மூன்று சந்தேகங்கள் உண்டு. மவுன்ட்டை முதலில் பாருங்கள், அதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டாம்.

கடலும் மழையும்

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி என்று கடலோரத்தில் நிற்கும் வண்டிகளுக்கு உப்புக்காற்று ஒரு கூடுதல் எதிரி. கேபிளின் உள்கம்பி இழை இழையாகத் துருப்பிடிக்கும். ஹைட்ராலிக் கிளட்சில் ஊற்றுவது பிரேக் ஆயில்தான், பல கார்களில் பிரேக்கும் கிளட்சும் ஒரே டப்பாவைப் பகிர்ந்துகொள்ளும். அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. ஆண்டுக்கு இரண்டு பருவமழை வாங்கும் ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றாமல் விட்டால் சிலிண்டருக்குள் துரு ஏறும், ரப்பர் சீல் போகும். டப்பாவில் ஆயில் அளவு இறங்கி, பிரேக்கில் எங்கும் கசிவு இல்லை என்றால் கிளட்ச் பக்கம் பாருங்கள்.

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் கார்களுக்கு இன்னொரு சிக்கல். வீட்டில் ஓட்ட ஆளில்லாமல் ஜூன் முதல் டிசம்பர் வரை தார்ப்பாய் போட்டு நிற்கும். ஆள் லீவில் வந்து ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் ஓடும், கியர் விழாது. ஈரத்தில் ஃப்ளைவீலின் மேல் துரு பூத்து, பிளேட் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் பிளேட் நன்றாகத்தான் இருக்கும். எஞ்சினைச் சூடாக்கி அணைத்துவிட்டு, முன்னால் ஆளில்லாத திறந்த இடத்தில் முதல் கியர் போட்டு, கிளட்சையும் பிரேக்கையும் அழுத்தி மிதித்தபடி ஸ்டார்ட் செய்தால் பல நேரம் பட்டென்று விட்டுக்கொடுக்கும். விடவில்லை என்றால் ஸ்டார்ட்டரைப் போட்டுப் படுத்தாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

திறந்து பார்த்தால்

கியர்பாக்ஸ் இறங்கும் நேரத்தில் முடிந்தால் பக்கத்தில் நில்லுங்கள். பிரஷர் பிளேட்டைக் கழற்றியதும் கறுப்புத் தூள் கொட்டும், மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள். பிளேட்டைக் கையில் வாங்கி விளிம்பிலிருந்து பாருங்கள். லைனிங்கின் மேல்மட்டத்துக்கும் ரிவெட்டின் தலைக்கும் இடையே பள்ளம் இருக்கிறதா? இருந்தால் லைனிங் மிச்சம் உண்டு. ரிவெட் தலை பளபளவென்று மின்னினால் அது ஃப்ளைவீலில் உரசியிருக்கிறது, அங்கேயும் வட்டமாகக் கோடு விழுந்திருக்கும். நடுவிலுள்ள சின்னச் சுருள் ஸ்பிரிங்குகளை விரலால் ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் அவையும் முடிந்தன.

லைனிங் ஈரமாக, கறுத்துப் பளபளத்தால் எண்ணெய் இறங்கியிருக்கிறது. முகர்ந்து பார்த்தே அனுபவசாலிகள் சொல்லிவிடுவார்கள். கந்தக வாடை தூக்கலாக அடித்தால் கியர் ஆயில், கியர்பாக்ஸ் பக்கத்துச் சீல் போயிருக்கிறது. அந்த வாடை இல்லாமல் வெறும் கருகிய எண்ணெய் நாற்றம் என்றால் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்கச் சீல். எண்ணெய் ஊறிய பிளேட்டைப் பெட்ரோலில் கழுவி மறுபடி மாட்டுவது வேலைக்காகாது, சூடேறும்போது உள்ளே ஊறியது மறுபடியும் வெளியே வரும். சீலை மாற்றாமல் புது பிளேட் போட்டால் அதுவும் இதே வழியில்தான் போகும்.

ஃப்ளைவீலில் நீலநிறத் திட்டுகள் தெரிந்தால் அந்த இடங்கள் கடுமையாகச் சூடேறியிருக்கின்றன. லேசானது என்றால் லேத்தில் ஒரு சீவு சீவி மட்டமாக்கலாம். மயிரிழை விரிசல் ஆழமாக ஓடியிருந்தால் ஃப்ளைவீலையே மாற்ற வேண்டும். சில டர்போ கார்களில், குறிப்பாக டீசல்களில், நடுவில் ஸ்பிரிங் வைத்த இரட்டை ஃப்ளைவீல் வரும். எஞ்சினின் அதிர்வு கியர்பாக்ஸுக்குப் போகாமல் அது தடுக்கிறது. விலை அதிகம் என்பதால் அதைக் கழற்றிவிட்டு ஒற்றை ஃப்ளைவீல் போடச் சொல்வார்கள். வண்டி ஓடும், ஆனால் ஐடிலில் கடகடப்பு வரும், அந்த அதிர்வு கியர்பாக்ஸ் பேரிங்குகளுக்குப் போகும். தினசரி ஓட்டுகிற வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன்.

மாற்றும்போது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாகவே மாற்றுங்கள். சில நூறு ரூபாய் பேரிங்கை மிச்சம் பிடித்து, அது ஆறு மாதத்தில் கத்த ஆரம்பித்தால் மறுபடியும் முழுக் கூலி. பழைய பிளேட்டுக்குப் புது லைனிங் அடித்துத் தருவதும், பிரஷர் பிளேட்டை ரீகண்டிஷன் செய்வதும் லாரிகளில் காலங்காலமாக நடப்பதுதான். டர்போ காரில் வேண்டாம். லைனிங் புதிதானாலும் ஸ்பிரிங் பழையதுதானே.

எதற்கு எது

ரீமேப் இல்லாத வண்டிக்கு கம்பெனி செட் தாராளமாகப் போதும். லுக், வலியோ, சாக்ஸ், எக்ஸெடி மாதிரி நிறுவனங்கள்தான் கார் கம்பெனிகளுக்கே கிளட்ச் செய்து கொடுப்பவை. அவர்களுடைய பெட்டியில் உங்கள் காருக்குரிய பார்ட் நம்பரைப் பார்த்து வாங்கினால் முடிந்தது. "கொஞ்சம் ஸ்ட்ராங்கா போடுவோம்" என்ற ஆசைக்கு இங்கே தேவையே இல்லை. அது எஞ்சினின் டார்க்கை ஒரு துளிகூடக் கூட்டாது. வழுக்காத கிளட்சை மாற்றிப் பலமான கிளட்ச் போட்டால் வண்டி வேகமாகாது, பெடல்தான் கனமாகும்.

ரீமேப் செய்த வண்டிக்கு முதலில் டியூனரிடம் ஒரு கேள்வி: உச்ச டார்க்கைக் கொஞ்சம் அடக்கி, அதை மேல் ஆர்.பி.எம். வரை நீட்டித் தர முடியுமா? 240 என்று எகிறும் இடத்தை 220இல் நிறுத்தினால், ஓட்டும்போது வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, கம்பெனி கிளட்சே தாங்கிவிடும். இதைவிடச் சிக்கனமான கிளட்ச் அப்கிரேடு கிடையாது. இதை யாரும் ஏன் சொல்வதில்லை என்றால், விற்க இதில் எதுவும் இல்லை.

அதற்கு மேலும் டார்க் வேண்டும் என்றால் மறுபடி பெருக்கல் கணக்குக்கு வருவோம். முகங்கள் இரண்டுதான், அதை மாற்றுவது சாதாரண வேலையல்ல. மிச்சம் மூன்று வழிகள். ஆரத்தைக் கூட்டலாம், அதாவது அதே எஞ்சின் குடும்பத்தில் பெரிய விட்டமுள்ள பிளேட்டும் அதற்கேற்ற ஃப்ளைவீலும் பொருந்துமா என்று பார்ப்பது. பொருந்தினால் இதுதான் ஆகச் சிறந்த வழி, பெடலும் கனக்காது, பிடிப்பும் மென்மையாகவே இருக்கும். அமுக்கும் விசையைக் கூட்டலாம், கடினமான ஸ்பிரிங் உள்ள பிரஷர் பிளேட்டோடு சாதாரண ஆர்கானிக் லைனிங். 20, 30 சதவீதம் கூடுதல் டார்க்குக்கு இது போதும். விலையாக இடது கால் உழைக்கும், கேபிளும், பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க்கும், ரிலீஸ் பேரிங்கும் சேர்ந்து உழைக்கும். பழைய கேபிளை அப்படியே விட்டுவிட்டுக் கடினமான ஸ்பிரிங் போடாதீர்கள், களியக்காவிளைக்கும் குழித்துறைக்கும் நடுவே ஒரு நெரிசலில் அறுந்து நிற்கும்.

மூன்றாவது, உராய்வுக் குணகத்தைக் கூட்டுவது. கெவ்லார் கலந்த லைனிங் ஓரளவு நாகரிகமாகப் பிடிக்கும், பழகுவதற்குக் கூடுதல் கிலோமீட்டர் கேட்கும், ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடேறினால் பழைய நிலைக்குத் திரும்பாமலும் போகலாம். செராமிக் என்று சொல்லி விற்பது உலோகத் தூளும் பீங்கான் தூளும் சேர்த்துச் சுட்ட திட்டுகள். சூட்டை அசாத்தியமாகத் தாங்கும். ஆனால் அதற்கு நடுநிலை தெரியாது. ஒன்று பிடித்திருக்கும், இல்லாவிட்டால் விட்டிருக்கும். கோயம்புத்தூர் காரி ரேஸ் டிராக்கிலோ, இருங்காட்டுக்கோட்டையிலோ ஓட்டுகிறவருக்கு அது சரி. அந்த கிளட்சோடு ரிவர்ஸில் வீட்டுச் சரிவு ஏறுவதை நினைத்துப் பாருங்கள். வண்டி தவளை மாதிரி குதிக்கும், ஃப்ளைவீலையும் வேகமாகத் தின்றுவிடும். நம் ஊர் ரோட்டில் ஓடும் காருக்குச் செராமிக் கிளட்ச் வெறும் பவுசுதான் என்பது என் கருத்து.

எடை குறைந்த ஃப்ளைவீலைப் பற்றியும் கேட்பார்கள். அது கிளட்சின் தாங்கும் திறனைக் கூட்டாது. ஆர்.பி.எம். சட்டென்று ஏறி இறங்கும், கியர் மாற்றும்போது அந்தத் துள்ளல் இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் வண்டியை எடுக்கும்போது கைகொடுக்கும் சுழல் பலம் ஃப்ளைவீலின் எடையில்தான் இருக்கிறது. எடை குறைந்தால் மேட்டில் எடுக்க அதிக ரேஸ் வேண்டும், அதிக ரேஸ் என்றால் அதிகச் சூடு. பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் அடிக்கடி ஏறி இறங்குகிறவர்கள் யோசித்துச் செய்யலாம்.

கிளட்ச் பெடல் இல்லாத வண்டிகளுக்கு ஒரு வார்த்தை. தானே கியர் மாற்றும் ஏ.எம்.டி. காரிலும் உள்ளே இதே பிளேட்தான், காலுக்குப் பதிலாக ஒரு மோட்டார் மிதிக்கிறது. போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.யின் 7 கியர் டி.எஸ்.ஜி.யில் எண்ணெய் இல்லாமல் ஓடும் இரண்டு கிளட்ச். இரண்டிலுமே மேட்டில் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்து வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கம் அதே மூன்று இஸ்திரிப் பெட்டி வேலையைத்தான் செய்யும். பிரேக்கை மிதித்து நில்லுங்கள்.

புது கிளட்ச் மாட்டும்போது பிளேட்டில் எண்ணெய்க் கை படக்கூடாது, ஃப்ளைவீலை பிரேக் கிளீனரால் துடைத்திருக்க வேண்டும், ஷாஃப்ட் பல்லில் கிரீஸ் லேசாகத் தடவியிருந்தால் போதும், வழிந்தால் அது லைனிங்குக்குத்தான் போகும். மாட்டிய பிறகு முதல் 500 முதல் 800 கிலோமீட்டர் வரை ஊருக்குள் நிதானமாக, கியர்களை நிறைய மாற்றி ஓட்டுங்கள். லைனிங்கும் இரும்பும் ஒன்றோடொன்று பழக வேண்டும். அதற்குள் "போட்டது பிடிக்குதான்னு பார்ப்போம்" என்று முழு ரேஸில் எடுத்தால் லைனிங் கண்ணாடி மாதிரி மழுங்கிவிடும். கேபிள் வண்டி என்றால் அந்த 500 கிலோமீட்டருக்குப் பிறகு ஒருமுறை ஒர்க்‌ஷாப்புக்குப் போய் ஃப்ரீ பிளேயை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே, மாற்றிய பழைய செட்டையும் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். ரிவெட் பள்ளத்தை வீட்டில் சாவகாசமாகப் பார்க்கலாம்.